உதகைப் பொதுத்தோட்டமும் அதில் உழைத்த கைகளும்

தோட்டம் என்னும் சொல்லுக்கு நம்மிடையே வழங்கும் பொருள் தாய்நாட்டுத் தமிழருக்குப் புதியது. பாகான் நக்கோடா ஓமார் தொடங்கிக் கோலசிலாங்கூர் வரையில் வாழும் நம்மவரிடம் "உமக்கு எந்தத் தோட்டம்?" என்று வினவினால், பால்மரமோ செம்பனையோ தென்னையோ நிற்கும் பெருநிலத்தின் பெயரைச் சொல்லுவார்களேயன்றி, வீட்டின் பின்புறத்தில் அவரைக்கொடி படரும் இடத்தைச் சுட்டமாட்டார்கள். ஒன்று முதலாளியின் தோட்டம். மற்றொன்று குடும்பத்தின் தோட்டம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உலகத்தில் உண்டு. ஊரார் பலர் தாமாக முன்வந்து, கூலி கருதாமல், ஒரு நிலத்தைப் பொதுவாகப் பேணிப் பயனையும் பொதுவாக நுகர்வது அது. பொதுத்தோட்டம் என அதை அழைப்போம்.

இப்பொதுத்தோட்டத்தின் சரித்திரத்தை மலைநாடு ஒன்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கடலோரச் சேற்றில் வாழும் நமக்கு மலைத்தோட்டம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நாம் பால் வெட்டிய மரமும், குலை அறுக்கும் செம்பனையும், காய்ச்சலுக்கு நம் முன்னோர் விழுங்கிய கொயினாவும் இத்தகைய தோட்டங்களின் வழியாகவே உலகத்தில் பரவின. அன்றியும், அம்மலைத்தோட்டத்தில் யார் பணம் கொடுத்தார், யார் மண் வெட்டினார், யார் காய் தின்றார் என்ற மூன்று வினாக்களும் நம் லயத்து வாசலுக்கு வந்து நிற்பவையேயாம்.

நீலகிரியில் உதகமண்டலம் கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 7,300 அடி உயரத்தில் உள்ளது. அதன் அருகே எழுந்து நிற்கும் தொட்டபெட்டா 8,650 அடி. தோடர், படுகர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகிய மக்கள் வெள்ளையர் வருமுன்னரே அங்கு வாழ்ந்தனர். தோடர் எருமை மேய்த்தனர். படுகர் சாமையும் ராகியும் விளைத்தனர். 1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் மலையேறிக் கோத்தகிரிக்கு அருகில் திம்பட்டியில் தங்கினார். பின்னர் 1822-ல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். தோடரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்னும் கணக்கில் நிலம் பெற்றார் என்பது வரலாறு. விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆயினும் ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விடலாகாது. அம்மலை நிலம் தோடருக்கு உரியது என்று சர்க்காரிடம் எடுத்து வாதாடியவரும் இதே சல்லிவனே. நிலத்தை வாங்கியவரே அது பிறருடையது என்று வாதிட்ட விந்தையை நீலகிரியில் காண்கிறோம்!

சல்லிவனும் அவரைப் பின்பற்றி வந்த துரைமாரும் தம் தாய்நாட்டுக் காய்கறிகளை அங்கே பயிரிட்டனர். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், டர்னிப், பீட்ரூட் முதலியன மலையில் வேர்கொண்டன. இன்றைக்கும் தமிழ்நாட்டுச் சந்தைகளில் இவற்றுக்கு 'இங்கிலீஷ் காய்' என்ற பெயர் வழங்குவதையும், கத்தரி வெண்டை முதலியவை 'நாட்டுக்காய்' எனப்படுவதையும் வாசகர் அறிவர்.

துரைமார் தொகை பெருகப் பெருகக் காய்கறிக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. எனவே 1845-ஆம் ஆண்டை ஒட்டி உதகைவாழ் வெள்ளையர் சிலர் கூடி, தொட்டபெட்டா மலைச்சரிவின் அடியில் ஒரு காய்கறித் தோட்டம் போட்டனர். மாதம் 3 ரூபாய் சந்தா. சந்தா கட்டுவோர்க்குக் காய்கறி இலவசம். இதுவே இன்றைய உதகை அரசினர் தாவரவியல் பூங்காவின் முதல் வித்து. பணம் படைத்தவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே ஆயினும், பலர் சேர்ந்து நடத்தியது என்னும் அளவில் அதைப் பொதுத்தோட்டம் என்று ஏற்கலாம்.

அத்தோட்டம் நிலைக்கவில்லை. இரண்டொரு ஆண்டிலேயே திட்டம் முறிந்தது. நம் கருத்தை இங்குச் சொல்லிவிடுவோம். மலைச்சரிவில் காய்கறி விளைவிப்பது சமவெளியில் விளைவிப்பது போன்றதன்று. தென்மேற்குப் பருவமழை ஆனி, ஆடி மாதங்களில் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். மார்கழி, தை மாதங்களின் உறைபனி ஒரே இரவில் பாத்தி முழுவதையும் கருக்கிவிடும். சரிவைப் படிப்படியாக வெட்டிக் கரைகட்ட வேண்டும்; நீர் இறங்கும் வழியைக் கோணலாகத் திருப்ப வேண்டும்; எருவைத் தலைச்சுமையாக மேலேற்ற வேண்டும். இவ்வளவும் நாள்தோறும் ஒருவர் கண்ணும் கையும் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. சந்தாக்காரருக்கோ தோட்டத்தோடு இருந்த உறவு மாதக் கடைசியில் நீட்டும் 3 ரூபாயும், சமையற்காரன் தூக்கிவரும் கூடையுமே. கூடை குறைந்த மாதத்தில் அந்த உறவு எவ்வளவு தாங்கும்?

1847-ல் வேறொரு முயற்சி எழுந்தது. மோலினோ என்னும் இராணுவக் காப்டனின் ஊக்கத்தால் தோட்டக்கலைச் சங்கத்துக்கும் பொதுத்தோட்டத்துக்கும் நிதி திரட்டப்பட்டது. சென்னைக் கவர்னர் ட்வீடேல் பிரபு அதற்கு ஆதரவு காட்டினார். தேர்ந்த தோட்டக்காரர் ஒருவரை அனுப்புமாறு சீமைக்கு எழுதப்பட, கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848-ல் உதகை வந்து சேர்ந்தார்.

அவர் வந்தபோது கண்டது தோட்டமன்று. மேற்பகுதி அடர்ந்த காடு. செங்குத்தான சரிவும் ஆழமான ஓடைப் பள்ளங்களும் நிறைந்தது. கீழ்ப்பகுதி சதுப்பு. ஏறக்குறைய 55 ஏக்கர் பரப்புள்ள இவ்விடத்தை ஒழுங்குபடுத்தப் பத்தாண்டு பிடித்தது. இன்று அங்குச் செல்லும் தமிழர் பச்சைப் புல்வெளியையும் வளைந்து செல்லும் பாதைகளையும் கண்டு, இயற்கையே இப்படி அமைந்தது போலும் என்று மயங்குவர். அந்தப் புல்வெளி இருந்த இடத்தில் முழங்காலளவு சேறு இருந்தது. அச்சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டியவர் எவர்? மரத்தை வேரோடு பெயர்த்தவர் எவர்? கவர்னர் பெயர் உண்டு, காப்டன் பெயர் உண்டு, மெக்கைவர் பெயர் உண்டு. பத்தாண்டு மண் சுமந்த ஆண்களின் பெயரையும் பெண்களின் பெயரையும் எந்த நூலும் தரவில்லை. அவர்கள் ஒரு கூட்டமாகவே, ஓர் எண்ணாகவே குறிக்கப்படுகிறார்கள்.

இங்கே ஒரு சிறு விஷயம். அத்தோட்டத்தின் ஒரு பகுதிக்கு இத்தாலியத் தோட்டம் என்று பெயர். முதல் மகாயுத்தத்தில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் அதை அமைத்தார்கள் என்று வருவோர்க்குச் சொல்லுவது வழக்கம். 1915 முதல் இத்தாலி அப்போரில் ஆங்கிலேயரின் நேசநாடாக நின்று போரிட்டது. நேசநாட்டுச் சிப்பாய்களை எதற்காகக் கைதிகளாக உதகைக்குக் கொண்டுவந்தார்கள் என்று கேட்பார் இல்லை. மண் வெட்டிய தமிழனை மறந்தவர்கள், வெட்டாத இத்தாலியனை நினைவில் வைத்திருக்கிறார்கள் போலும்.

சந்தாவினால் பிறந்து சர்க்காரிடம் போய்ச் சேர்ந்தது உதகைத் தோட்டம் மட்டுமன்று. சிங்கப்பூரில் 1859-ல் விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தார் தங்ளினில் தொடங்கிய தோட்டமும் இதே வழியிற் சென்றது. நீவன் என்பவர் அதை அழகுற அமைத்தார். உறுப்பினர் உலாவினர்; மலர்க்காட்சி நடத்தினர்; பேண்டு வாத்தியம் கேட்டனர். சங்கம் கடனில் மூழ்க, 1874-ல் சர்க்கார் அதை ஏற்றது. அதன்பின் அங்கு நடந்தது நமக்கு மிகவும் வேண்டிய சங்கதி. 1877-ல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. சில சிங்கப்பூரிலும் சில பேராக்கில் கோலகங்சாரிலும் நடப்பட்டன. 1888-ல் தோட்டத் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் வடிக்கும் வெட்டுமுறையைக் கண்டு, ஊர் ஊராகச் சென்று விதையைக் கொடுத்து நடச் சொன்னார். உலாவுவதற்கென்று தொடங்கிய தோட்டம் நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பெருந்தொழிலுக்குத் தாயாயிற்று.

செம்பனையின் கதையும் இத்தகையதே. மெக்கைவர் உதகைக்கு வந்த அதே 1848-ல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த விதை சுமத்ரா சென்று, அங்கிருந்து சிலாங்கூர் வந்து, 1917-ல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் ஹென்ரி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் பெருந்தொழிலாகப் பயிரிடப்பட்டது. மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் அதுவே. பெயரோ தென்னமரம்! நம்மவர் நாவில் பிறந்த பெயரைத் தாங்கிய தோட்டத்திலேதான் அத்தொழில் பிறந்தது என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி இருக்கலாம்; லாபத்தில் பங்கு இருந்ததில்லை.

மீண்டும் மலைக்குச் செல்வோம். 1860-ல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவர் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து சிங்கோனாக் கன்றுகளை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். அம்மரத்தின் பட்டையே மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தருவது. அவற்றை வளர்க்கும் பொறுப்பு மெக்கைவரிடம் வந்தது. தொட்டபெட்டாவிலும், கூடலூர் போகும் வழியிலுள்ள நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. மரத்தை வெட்டாமல், பட்டையை நீள நீளமாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினால் புதுப்பட்டை வளரும் என்று மெக்கைவர் கண்டார். பால்மரத்தில் பழம்பட்டை முடிந்து புதுப்பட்டையில் கத்தி வைத்த நம் தொழிலாளத் தோழர்க்கு இதன் நுட்பத்தை விளக்கவேண்டுவதில்லை.

அந்தக் காட்டை அழித்துக் கன்று நட வேலையாட்கள் போதவில்லை. ஆகவே கைதிகளை ஏவினர். அக்கைதிகளுள் சீனர் பலர் இருந்தனர். நீலகிரியில் சீனர் எப்படி வந்தனர்? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமையால், அங்குத் தண்டனை பெற்ற சீனரைச் சென்னை மாகாணத்துக்குக் கப்பலேற்றினர். அதே காலத்தில் இந்தியாவில் தண்டனை பெற்றவர்களை நீரிணைக் குடியேற்றங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். அங்கே சாலைகளையும் கட்டடங்களையும் உண்டாக்கியவர்கள் அவர்களே. அவ்வேற்பாடு 1873-ல் முடிவுற்றது. தமிழன் மலாயாவில் கல் உடைத்தான். மலாயாச் சீனன் தமிழ் மலையில் காடு அழித்தான். வெள்ளைச் சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் இஃது ஒரு வரவும் ஒரு செலவும்.

கைதிகளில் சிலர் தப்பியோட முயன்ற கதையும் உண்டு. அதைக் காட்டிலும் நாம் அறிய வேண்டுவது, தண்டனை முடிந்தபின் அங்கேயே தங்கியவர்களின் கதை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் அவர்கள் குடிசை போட்டனர். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த வகுப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களை மணந்தனர். காய்கறி விளைத்தும், சிறிதளவு காப்பி பயிரிட்டும், பசு வளர்த்துப் பால் விற்றும் யோக்கியமாகப் பிழைத்தனர். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அவர்களைக் கண்டு 1896-ல் ஒரு குறிப்பு எழுதினார். தர்ஸ்டன் எதற்காகப் போனார்? அவர்களுடைய குழந்தைகளின் தலையையும் மூக்கையும் அளப்பதற்கு! சீனத் தகப்பனும் தமிழ்த் தாயும் சேர்ந்தால் மூக்கு எவ்வளவு நீளும் என்பதே அவருக்குப் பெரிய ஆராய்ச்சி. அந்தச் சரிவில் எத்தனை பாத்தி இருந்தது, எருவுக்கு என்ன செய்தார்கள், மழையில் மண் கரையாமல் எப்படிக் காத்தார்கள் என்று அளந்திருந்தால் மலைநாட்டு விவசாயத்துக்கு அரிய செல்வம் கிடைத்திருக்கும்.

எனினும் அவர் எழுதிய சில வரிகள் நமக்குப் போதும். உதகையில் கனவான்களின் சந்தாவும் கவர்னரின் ஆதரவும் செய்ய முடியாததை, ஜாதியும் தேசமும் கைவிட்ட சில குடும்பங்கள் நடுவட்டச் சரிவில் செய்தன. வெட்டியவர்களே விதைத்தார்கள், விதைத்தவர்களே தின்றார்கள், மிஞ்சியதை விற்றார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, மலர்க்காட்சியும் இல்லை.

படுகர் சமூகத்தாரிடத்தும் இதையே காண்கிறோம். துரைமாரின் பாத்தியிலிருந்த உருளைக்கிழங்கு படுகரின் வயலுக்கு இறங்கிய பிறகே அது மலையின் பயிராயிற்று. இன்றும் நீலகிரிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து தமிழ்நாடெங்கும் செல்கின்றது. மலைச்சரிவை உழுவதையும் பனியை அஞ்சுவதையும் பல தலைமுறையாக அறிந்த மக்களிடம் வித்துச் சேர்ந்தது, பலன் கண்டது.

இனி, தாமாக முன்வந்து மண் வெட்டிய தொண்டர் என்றுமே இருந்ததில்லையோ என்று கேட்டால், இருந்தனர். அவர்களுக்கு நேர்ந்த கதியையும் அறிவது நலம். 1649-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மன்னன் தலை வெட்டுண்டு மூன்று மாதமும் கழியாத நிலையில், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் செயின்ட் ஜார்ஜ் குன்று என்னும் மேட்டில் ஒரு சிறு கூட்டத்தார் மண்வெட்டியுடன் ஏறினர். ஜெரார்டு வின்ஸ்டான்லி என்பவர் அவர்களுக்கு முதல்வர். தரிசாய்க் கிடந்த பொதுநிலத்தைக் கொத்தி, காரட்டும் பார்ஸ்னிப்பும் அவரையும் விதைத்தனர். பூமி எல்லா மக்களுக்கும் பொதுவான உண்டியல், உழைக்க விரும்பும் எவரும் வந்து சேரலாம் என்றனர். 'வெட்டுவோர்' என்ற பொருளிலேயே உலகம் அவர்களுக்குப் பெயரிட்டது. நிலச்சுவான்தார்கள் ஆள் ஏவி அடித்தனர், பயிரைப் பிடுங்கினர், வழக்குத் தொடுத்தனர். அங்கிருந்து துரத்தப்பட்டு அருகிலுள்ள காபம் என்னும் இடத்துக்குச் சென்றனர். 1650-ல் அங்கும் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கை இருந்தது, மனம் இருந்தது, விதையும் இருந்தது. நிலத்தின்மேல் உரிமை இல்லை. அந்த ஒன்றினால் யாவும் போயிற்று.

பிற்காலத்தில் அதே இங்கிலாந்தில் ஏழைத் தொழிலாளருக்குக் காய்கறி பயிரிடச் சிறு நிலம் விடும் சட்டங்கள் வந்தன. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் பேர்போனது. அந்நாட்டு வழக்கப்படி ஒரு குடும்பத்துக்குரிய பாத்தியின் அளவு 10 ராடு. 160 ராடு சேர்ந்தது ஒரு ஏக்கராதலால், அது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. இப்பங்கை மலாயாவிலும் காண்கிறோம். 1923-ஆம் ஆண்டு மலாய்க் கூட்டு நாடுகளின் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. அது நம் கணக்கில் ஆறேகால் செண்ட். சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 52 அடி.

அந்த ஆறேகால் செண்டு நம் மக்களுக்கு எவ்வளவு செய்தது என்பதை எவரும் முறையாக எழுதவில்லை. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், பால் எடுத்துக் கொட்டி, வெயில் சாய்ந்தபின் வந்த ஆணும் பெண்ணும் இருட்டும் வரையில் அதிலே குனிந்து நின்றனர். கத்தரியும் வெண்டையும் முருங்கையும் பயற்றங்காயும் அங்கே விளைந்தன. 1930-ஐ ஒட்டி ரப்பர் விலை விழுந்து, ஆயிரமாயிரமாக நம்மவரைக் கப்பலேற்றித் திருப்பியனுப்பிய காலத்தில், எஞ்சினோர் அடுப்பு எரிந்ததற்கு அப்பாத்தியும் ஒரு காரணம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசியும் சயாம் அரிசியும் நின்றபோது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உயிர் காத்தன. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன ஆண்கள் திரும்பாத வீடுகளில், பெண்களே அக்கிழங்கை நட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றினர்.

ஆயின், அந்நிலம் ஒருநாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை. வேலை உள்ளவரை பாத்தி உண்டு. வேலை போனால் பாத்தியும் போம். 1950-களிலும் 60-களிலும் அந்நியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. அதன்பின் வீட்டுமனைக்கும் தொழிற்பேட்டைக்கும் தோட்டங்கள் கைமாறின. சிலாங்கூரில் இது மிகுதி. நாற்பது ஆண்டு வளர்த்த மாமரத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் உரிமைச் சீட்டு காட்ட முடியாமல் வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியில் கறிவேப்பிலையைப் பூந்தொட்டியில் வைத்திருக்கும் கிழவியை நாம் யாவரும் கண்டிருக்கிறோம்.

சந்தாவால் ஆனது ஒன்றுமில்லை என்று நாம் சொல்லுவதாக எவரும் எண்ணவேண்டாம். துண்டாடலைக் கண்டு அஞ்சிய காலத்தில், 1960-ல், வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்றுக்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகத் தொழிலாளர் கட்டலாம். அப்பணத்தைக் கொண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கித் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கின்றது. உதகைத் துரைமாரின் 3 ரூபாய் கட்டியவரை வாங்குவோராக மட்டும் வைத்தது. இந்தப் 10 வெள்ளி கட்டியவரை நிலத்தின் பங்காளியாக்கியது. அச்சங்கத்தின் நிர்வாகத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியதுண்டு. அந்த விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது.

நம் நாட்டு மலைகளின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சிலாங்கூர் எல்லையை ஒட்டிய பிரேசர்மலை 1922-ல் வெள்ளையரின் ஓய்விடமாகத் திறக்கப்பட்டது. கேமரன்மலை 1885-ல் அளக்கப்பட்டு, 1925-க்குப் பிறகு அபிவிருத்தி செய்யப்பட்டது. 1929-ல் போ தேயிலைத் தோட்டம் தோன்ற, தமிழர் அங்கே கொழுந்து பறிக்கச் சென்றனர். தேயிலையோடு காய்கறியும் பெருகியது. கோலாலம்பூர்ச் சந்தைக்கு வரும் முட்டைக்கோஸ் அங்கிருந்தே வருவது. ஆனால் கரைகட்டாமல் சரிவை வெட்டியதால் மண் கரைந்து ஆறுகளை நிரப்பியது. காடு குறைந்து, மலையின் குளிரும் குறைந்தது. இதைக் கண்டு பொறாமல் அவ்வூர் வாசிகள் சிலர் 2001-ல் 'ரீச்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். கூலி இல்லை, தாமாக வந்து மலைக்குரிய மரக்கன்றுகளை அழிந்த இடங்களில் நடுகின்றனர். மலைமரம் மெல்ல வளர்வது. நட்ட கன்றைச் சுற்றிப் புல் மூடாமல் பல ஆண்டு பார்த்துவர வேண்டும். படம் எடுத்துக்கொண்டு போகிறவரால் அது நடவாது. மறு மாதமும் மறு வருஷமும் வருகிறவராலேயே நடக்கும்.

உதகையில் இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க்காட்சி நடக்கின்றது. 2023-ல் நடந்தது 125-வது. இலட்சக்கணக்கானோர் வந்து கண்டு செல்கின்றனர். தோட்டத்தின் மேற்புறத்தில் தோடர்களின் மந்து ஒன்று உள்ளது. ஏக்கர் ஒரு ரூபாய் என்று போன நிலத்தின் நடுவே, எஞ்சியிருக்கும் சில வீடுகள்.

வட சிலாங்கூரிலும் இப்போது 'கெபுன் கொமுனிட்டி' என்று குடியிருப்புத்தோறும் காய்கறித் தோட்டம் போடும் பேச்சு எழுந்திருக்கின்றது. அடுக்குமாடியின் ஓரத்தில் கிடக்கும் துண்டு நிலத்தைத் திருத்த முன்வரும் இளைஞரை வரவேற்கின்றோம். அவர்கள் விதை வாங்குமுன் மூன்று காரியங்களைத் தெரிந்துகொள்ளட்டும். நிலம் நகராண்மையுடையதா, வீட்டுக் கம்பெனியுடையதா, எத்தனை ஆண்டுக்கு எழுத்து மூலம் அனுமதி தருவார்கள் என்பது ஒன்று. தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வரும், அதற்கு யார் பணம் கட்டுவது என்பது மற்றொன்று. முதல் கூடை கீரை பறித்தன்று, அது வெட்டியவருக்கா, சந்தா கட்டியவருக்கா, கோயில் அன்னதானத்துக்கா, சங்கத் தலைவர் வீட்டுக்கா என்பதை முன்னாலேயே பேசி எழுதிக்கொள்வது மூன்றாவது. நம் கடலோரத்துக் களிமண் வெயிலில் பாறையாய் இறுகும், மழையில் நீரைப் பிடித்து நிற்கும். பாத்தியை ஒரு முழமாவது உயர்த்தி, சுற்றிலும் வடிகால் எடுக்க வேண்டும். 52 அடிக்கு 52 அடி நிலத்துக்கு அந்த வேலை மட்டுமே நாலுபேருக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கும்.